ஸ்பிரிங் இல்லாத மடக்குக் கத்தி: மத்தியகால முறையில் கையால் செய்வது எப்படி?

கேள்வி இது: மத்தியகால ஐரோப்பாவில் புழங்கிய மாதிரியான ஒரு மடக்குக் கத்தியை, மின்கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஸ்பிரிங்கும் லாக்கும் எப்படிச் செய்தார்கள்? எந்த இரும்பு எடுப்பது, பிடிக்கு எது நல்லது, வேலையை எங்கே தொடங்குவது?

ஸ்பிரிங், லாக் பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது. இரண்டும் கிடையாது. முதுகில் ஸ்பிரிங் வைத்து "டக்" என்று திறந்து மூடும் கத்தி 17ஆம் நூற்றாண்டில்தான் பரவலாக வருகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஊர் அதில்தான் பேர் வாங்கியது. பிரான்ஸின் ஒபினெல் கத்தி 1890இல் வந்தபோதுகூட அதில் லாக் இல்லை. கழுத்தில் சுழலும் அந்த வளையத்தை 1955இல்தான் சேர்த்தார்கள். ஸ்பிரிங் வருவதற்கு முந்தைய மடக்குக் கத்திகள் பெரும்பாலும் ஒரே ஒரு ஆணியையும், பிடியின் இரு கன்னங்கள் அலகைப் பற்றும் இறுக்கத்தையும் நம்பியே நின்றன. பழைய சலூன்களில் இருந்த சவரக்கத்தியைத் திறந்து மூடிப் பார்த்திருந்தால் இந்த அமைப்பு உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

அதனால்தான் இந்த வேலையை அலகில் தொடங்காதீர்கள் என்று சொல்கிறேன். கத்தி செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் உலையை மூட்டி அலகை அடித்து முடித்துவிட்டு, அப்புறம் அதற்கு ஒரு பிடியைத் தேடுவார்கள். உறையில் வைக்கும் கத்திக்கு அது சரி. மடக்குக் கத்தியில் ஆணியின் இடம், பிடியில் அறுக்கும் பிளவு, அலகின் அடிப்பகுதி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் கத்தி கத்தியாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் திறக்காது, அல்லது மூடாது, அல்லது மூடும்போது கூர் பிடியில் மோதி மழுங்கும்.

இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எதைப் பார்த்துச் செய்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். மடக்குக் கத்தி மத்தியகாலக் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் எலும்புப் பிடி போட்ட, சுமார் 2,500 ஆண்டுப் பழைய மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. ரோமானியர்கள் இதை வெகுதூரம் கொண்டுபோனார்கள். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வெள்ளிக் கருவி இருக்கிறது. கரண்டி, முள், குத்தூசி, அலகு எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கும். மத்தியகாலத்தில் மடக்குக் கத்தி இருந்தது, ஆனால் அரிதாகவே இருந்தது. லண்டனில் தேம்ஸ் கரையை ஒட்டிய ஈர மண்ணில் கத்திகளும் தோல் உறைகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை இடுப்பில் தொங்கிய சாதாரண உறைக்கத்திகள். மடக்குக் கத்திகள் அவற்றில் சிலவே. ஆணும் பெண்ணும் தங்கள் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு போவது வழக்கமாக இருந்த காலத்தில் அதை மடக்கி வைக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லை.

யாருக்கு இருந்தது? எழுத்தர்கள் என்பது ஒரு வலுவான ஊகம். இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில், வைக்கிங் காலக் குடியிருப்பிலிருந்து, ஒரே ஆணியில் சுழலும் இரட்டை அலகுக் கத்திகள் வெளிவந்தன. ஒரு அலகு வெளியே இருக்கும்போது மற்றது பிடிக்குள் இருக்கும். இறகுப் பேனாவைச் சீவ ஒரு அலகு, தோல்தாளில் தவறிய எழுத்தைச் சுரண்ட இன்னொன்று என்று பலர் கருதுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் காண்டர்பரியில் எழுதப்பட்ட ஈட்வின் சங்கீதப் புத்தகத்தில் (பைபிள் சங்கீதங்களின் பிரதி) ஈட்வின் என்ற எழுத்தரின் படம் முழுப் பக்கத்துக்கு வரையப்பட்டிருக்கிறது. வலக்கையில் இறகு, இடக்கையில் கத்தி. பேனாவும் கத்தியும் அந்தத் தொழிலில் ஒரு ஜோடி.

இரட்டை அலகுக் கத்தி அழகானது, ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம். ஒற்றை அலகும், ஒரே துண்டில் பிளவு அறுத்த பிடியும், ஒரே ஆணியும் கொண்ட கத்தியை எடுத்துக்கொள்ளலாம். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

பிடியின் ஒரு பக்கம் மூடியிருக்கும், அது முதுகு. எதிர்ப்பக்கம் நீளவாக்கில் பிளந்திருக்கும், அது வாய். பிளவின் ஆழத்தில் முதுகின் உட்பக்கம் ஒரு தரை மாதிரி இருக்கும். கத்தியைத் திறந்து, கூர் கீழ்நோக்கி இருக்க, ஒரு கட்டையில் வைத்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை அலகை மேல்நோக்கித் தள்ளும். அலகு ஆணியைச் சுற்றி மேலே எழப் பார்க்கும். ஆணிக்கு முன்னால் அலகின் முதுகு பிளவின் தரையில் படிந்திருந்தால் அதற்கு மேல் எழ வழியில்லை. ஆக, எவ்வளவு அழுத்தி வெட்டினாலும் கத்தி திறந்தேதான் நிற்கும். லாக் செய்யும் வேலையை வெட்டும் விசையே செய்துவிடுகிறது. மடங்கும் திசை இதற்கு நேர் எதிர். அதனால் குத்துவதற்கோ, அலகின் முதுகால் தட்டுவதற்கோ இந்தக் கத்தி ஆகாது, விரல் போய்விடும். இதை வாங்கும் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்.

இப்போது அளவுகள். நான் சொல்லும் எண்கள் எந்த அருங்காட்சியகப் பொருளின் நகலும் இல்லை. அந்தக் காலத்துச் சிறு கத்தியின் உருவத்துக்குள், கையால் செய்யத் தோதாக வகுத்துக்கொண்டவை.

பிடி 95 மி.மீ. நீளம், 16 மி.மீ. உயரம், 11 மி.மீ. கனம். ஆணித் துளை முன்முனையிலிருந்து 8 மி.மீ. உள்ளே, முதுகிலிருந்து 11 மி.மீ. கீழே, அதாவது வாயிலிருந்து 5 மி.மீ. மேலே. அலகு துளையிலிருந்து நுனிவரை 70 மி.மீ., அகலம் 12 மி.மீ., முதுகில் கனம் 2.5 மி.மீ. அலகில் துளை அகலத்தின் நடுவில் வரும், மேலே 6, கீழே 6. பிளவு முன்முனையிலிருந்து 80 மி.மீ. நீளம், முதல் 16 மி.மீ. தூரத்துக்கு 11 மி.மீ. ஆழம், அதற்குப் பின்னால் 12 மி.மீ. ஆழம்.

அந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு ஏன் என்று யோசித்துப் பார்த்தால் முழு அமைப்பும் புரிந்துவிடும். திறந்திருக்கும்போது அலகின் முதுகு துளைக்கு 6 மி.மீ. மேலே இருக்கிறது. முன்பக்கத் தரையும் துளைக்கு 6 மி.மீ. மேலேதான். இரண்டும் படிகின்றன, கத்தி நிற்கிறது. மடக்கினால் அலகு தலைகீழாகிவிடும். இப்போது கூர்தான் தரையைப் பார்த்திருக்கும், அதுவும் துளைக்கு 6 மி.மீ. மேலே. பின்பக்கத் தரை 7 மி.மீ. உயரத்தில் இருப்பதால் கூருக்கும் தரைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. ஆனால் இடைவெளி இருந்தால் அலகு இன்னும் உள்ளே போய் மோதுமே? அதற்குத்தான் துளையை அடுத்த 8 மி.மீ. தூரத்தை அலகில் கூர் தீட்டாமல் விட வேண்டும். மடக்கும்போது அந்த மொட்டைப் பகுதி ஆழம் குறைந்த தரையில் உட்கார்ந்துகொள்ளும், கூர் காற்றில் நிற்கும். அலகின் முதுகு பிடியின் வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரியும். விரலால் பிடித்து இழுக்க அது போதாது. அதனால் வாயின் நடுவில் இரு கன்னங்களிலும் அரத்தால் ஒரு சிறு குழிவு எடுத்துவிடுங்கள்.

துளைக்குப் பின்னால் அலகின் அடிப்பகுதி அரைவட்டமாக இருக்க வேண்டும், ஆரம் 6 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக. சதுரமாக விட்டால் சுழலும்போது அதன் மூலை தரையில் இடித்து நிற்கும். பிடியைப் பிளக்கும் தவறுகளில் இது முதன்மையானது.

இன்னொரு கணக்கு. நுனியில் 1 கிலோ பாரம் விழுந்தால், ஆணியிலிருந்து நுனி 70 மி.மீ., தாங்கும் முனை 8 மி.மீ. தூரம் என்பதால், பிடியின் முன்முனைத் தரையில் சுமார் 9 கிலோ இறங்கும். ஆணியை முனைக்கு இன்னும் அருகே கொண்டுபோனால் இது இன்னும் ஏறும். அதனால் முன்பக்க முதுகில் 5 மி.மீ. கனத்தைக் குறைக்காதீர்கள். மெலிதாக, நளினமாக இருக்கட்டும் என்று ராவிவிடத் தோன்றும். வேண்டாம்.

இரும்பைத் தொடுவதற்கு முன் இதையெல்லாம் கெட்டி அட்டையில் வெட்டி, ஒரு குண்டூசியை ஆணியாகக் குத்திச் சுழற்றிப் பாருங்கள். திறந்தால் எங்கே முட்டுகிறது, மூடினால் கூர் எங்கே நிற்கிறது, நுனி பிளவுக்குள் அடங்குகிறதா என்று கண்ணால் தெரியும். கூர்முனையை வளைத்தோ சாய்த்தோ உங்கள் விருப்பப்படி வரைந்தாலும் இந்த அட்டைச் சோதனையில் தேறிய பிறகே உலைக்குப் போக வேண்டும்.

இரும்புக்கு வருவோம். இதில் எனக்குப் பிரியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

அந்தக் காலத்தில் எஃகு விலை உயர்ந்த பொருள். சாதாரண இரும்பு மலிவு. அதனால் முழுக் கத்தியையும் எஃகில் அடிக்காமல், கூர் வரும் இடத்துக்கு மட்டும் எஃகைப் பற்றவைத்தார்கள். ஒரு முறையில், நடுவில் எஃகுத் தகடு, இரு பக்கமும் இரும்பு, மூன்றையும் உலையில் ஒட்டி ஒன்றாக்குவார்கள். இன்னொரு முறையில், இரும்பு முதுகின் ஓரத்தில் எஃகுப் பட்டையை ஒட்டுவார்கள். ரஷ்யாவின் நோவ்கொரோட் அகழாய்வுக் கத்திகளை வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்த போரிஸ் கோல்ச்சின், அங்கே தொடக்கத்தில் மூன்றடுக்குக் கத்திகளே மேலோங்கி இருந்ததையும், 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ஓரத்தில் எஃகு ஒட்டிய கத்திகள் அந்த இடத்தைப் பிடித்ததையும் காட்டினார். மூன்றடுக்குக் கத்தியை முதுகுவரை தேய்த்துத் தீட்டினாலும் நடுவில் எஃகு இருந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் ஒட்டியதில் பட்டை தேய்ந்ததும் கத்தியின் ஆயுள் முடிந்தது. ஆனால் அதில் எஃகும் குறைவு, வேலையும் குறைவு. தெரிந்தவருக்கு அடித்துக் கொடுப்பதிலிருந்து சந்தைக்குக் குவித்து அடிப்பதற்கு மாறிய ஊரின் கதை அந்தக் கத்திகளின் வெட்டுமுகத்தில் இருக்கிறது.

உங்கள் முதல் கத்திக்கு மூன்றடுக்கு வேண்டாம், முழு எஃகே போதும். 1075 அல்லது 1095 வகைக் கார்பன் எஃகுப் பட்டை 3 மி.மீ. கனத்தில் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். லாரியின் ஸ்பிரிங் பட்டையும் ஆகும், ஆனால் அதன் கனத்தைக் கையால் அடித்துத் தட்டி 3 மி.மீ.க்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். பழைய அரம் நல்ல எஃகு. உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டு மிருதுவாக்கிக்கொள்ள வேண்டும். மலிவு அரங்களில் மேல்தோல் மட்டும் கடினமாக இருக்கும், உள்ளே சாதா இரும்பு. ஒரு ஓரத்தை உடைத்து, காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, இன்னொரு நல்ல அரத்தால் உடைந்த முகத்தைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் எஃகு. கடித்தால் விட்டுவிடுங்கள்.

பழைய முறையையே பார்த்துவிட வேண்டும் என்றால் பழைய தேனிரும்பு தேடுங்கள். பழைய கட்டடங்களின் கம்பி, கிராதி, சங்கிலிகளில் சில சமயம் கிடைக்கும். ஒரு பக்கம் உளியால் வெட்டு போட்டு வளைத்தால், மரம் கிழிவது போல நார்நாராகப் பிரியும். இன்றைய கம்பி அப்படிப் பிரியாது. அந்த நார் உலைக்கசடின் இழைகள். அரத்தால் ராவி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் அலகின் மேல் கோடு கோடாகத் தெரியும். அந்தத் தோற்றத்தை வேறு எதனாலும் கொண்டுவர முடியாது, சிரமப்பட்டுத் தேடலாம்.

எஃகை அதோடு உலையில் ஒட்டும்போது இரும்பு வெளிர்மஞ்சளாகக் காய வேண்டும், ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல். எஃகு அந்தச் சூட்டை நெடுநேரம் தாங்காது, பொறி கக்கத் தொடங்கினால் எரிகிறது என்று அர்த்தம். பழைய கொல்லர்கள் மணலைத் தூவினார்கள். அது இரும்பின் மேல் படியும் செதிலோடு உருகிக் கசடாக வழிந்துவிடும். நமக்கு வெண்காரம் எளிது, குறைந்த சூட்டிலேயே உருகும். முதல் அடிகள் மெல்ல இருக்கட்டும். ஓங்கி அடித்தால் அடுக்குகள் ஒட்டுவதற்கு முன் நழுவிவிடும். கரிக்கு நம் ஊரில் கிடைக்கும் சீமைக் கருவேலங்கரி இதற்கு மிக நல்லது. மரக்கரிதான் அந்தக் கொல்லர்களின் எரிபொருளும்.

அலகை அடித்து, அட்டை மாதிரிக்கு அரத்தால் ராவி, 3 மி.மீ. துளை போட்டுவிடுங்கள். தோய்ச்சலுக்கு, அதாவது காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கி இறுக்குவதற்கு, முன் துளை போட வேண்டும், பின்னால் ஏறாது. அந்தக் காலத்தில் காய்ந்த இரும்பில் துளைப்பான் வைத்து அடித்தே துளை எடுத்தார்கள். கை டிரில்லில் போட்டாலும் குற்றமில்லை.

பிடிக்கு அந்தக் காலத்தில் எலும்பு, கொம்பு, மான்கொம்பு, மரம், வசதியானவர்களுக்குத் தந்தம் என்று எல்லாமே பயன்பட்டன. மான்கொம்பையும் தந்தத்தையும் இந்தியாவில் மறந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான்கொம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், தானாக உதிர்ந்தது என்றாலும் சரி. மாட்டெலும்பு அழகாக வரும், ஆனால் கால் எலும்பின் சுவர் அவ்வளவு கனம் கிடையாது. 11 மி.மீ. கனத்தில் ஒரே துண்டாக எடுப்பது கஷ்டம். இரண்டு தகடாக வெட்டி, நடுவில் ஒரு முதுகுத் துண்டு வைத்து ஆணி அடிக்க வேண்டியிருக்கும். ஒரே துண்டில் பிளவு அறுக்க எருமைக் கொம்பின் நுனிப்பகுதிதான் சரி. அடிப்பக்கம் கூடாக இருக்கும், நுனிப்பக்கம் உள்ளே கெட்டி. வளைவு இருந்தால் கொதிநீரில் போட்டு இளக்கி, இரு பலகைக்கு நடுவே இறுக்கி ஆறவிட்டால் நேராகும். கொம்பையும் எலும்பையும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பிடியில் ஆணித் துளையை முதலில் போடுங்கள். பிளவை அப்புறம் அறுங்கள். கட்டை முழுதாக இருக்கும்போது துளைத்தால் இரு கன்னத்துத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும். பிளந்த பிறகு துளைத்தால் கன்னம் வளைந்துகொடுக்கும், துளை சாயும், அலகு ஒரு பக்கமாக உரசும். பிளவுக்கு நடுக்கோடு கீறி, அதன் இரு பக்கமும் ஹாக்ஸா பிளேடால் இரண்டு அறுப்பு. நடுவில் நிற்கும் மெல்லிய சுவரைத் தட்டி எடுத்துவிட்டு, மெல்லிய தட்டை அரத்தால் தரையைச் சமன் செய்ய வேண்டும். பின்முனையில் 15 மி.மீ. அறுக்காமல் விடுவதால் ரம்பம் அங்கே முழுதாக ஓடாது. பிளேடை ஒடித்துத் துணி சுற்றிக் கையில் பிடித்துக் குட்டை இழுப்பாக இழுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அவசரப்பட்டால் கன்னம் போய்விடும். யார்க்கில் அதே காப்பர்கேட்டில் சீப்புக்காரர்கள் மான்கொம்புத் தகடுகளில் இதைவிட நுண்ணிய பற்களைக் கைரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். அந்தச் சீப்புகளைப் பார்க்கும்போது, கத்திப் பிடியில் பிளவு அறுப்பது அந்த ஊரில் யாருக்கும் பெரிய விஷயமாக இருந்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

பிளவின் அகலம் அலகின் கனத்தைவிடச் சற்றே கூட இருக்கட்டும். தற்காலிகமாக ஒரு கம்பியை ஆணியாகச் செருகி, திறந்து மூடி, எங்கே இடிக்கிறதோ அங்கே விளக்குக் கரியைப் பூசி மறுபடி சுழற்றுங்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் தொடுங்கள். இந்தப் பொருத்தம் முடிந்த பிறகுதான் தோய்ச்சல்.

அலகை உலையில் சீராகச் சுழற்றிக் காய்ச்சி, அவ்வப்போது ஒரு காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் ஒரு சாயல் சிவந்ததும், துளைப்பகுதியைக் குறட்டில் பிடித்தபடி, அலகை மட்டும் எண்ணெயில் நுனி முதலில் நேராக இறக்க வேண்டும். துளையைச் சுற்றிய இடம் மிருதுவாகவே இருக்கட்டும், கடினமானால் அங்கேதான் விரியும். கடலை எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துக்கொண்டால் போதும். மத்தியகாலக் கொல்லர்கள் பெரும்பாலும் தண்ணீரையே நம்பினார்கள். அவர்களுடைய எஃகில் மாங்கனீஸ் மிகக் குறைவு, வேகமாகக் குளிர்ந்தால்தான் இறுகும். இன்றைய எஃகை இவ்வளவு மெல்லிய கனத்தில் தண்ணீரில் போட்டால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். எண்ணெய் தீப்பிடிக்கும், மூடிபோட்ட இரும்புப் பாத்திரமாக இருக்கட்டும், கூரைக்கு அடியில் வேண்டாம்.

இப்போது அலகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். கீழே போட்டால் உடையும். கடினத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். வீட்டு ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று இரண்டு முறை வைத்தால் முடிந்தது. ஆனால் பழைய முறையை ஒரு தடவையாவது செய்து பாருங்கள் என்பேன். அலகைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குங்கள், விரல் எண்ணெய் படாமல் துடையுங்கள். கனத்த இரும்புத் துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி எடுத்து வைத்து, அதன் மேல் அலகின் முதுகை மட்டும் படும்படி நிறுத்துங்கள். சிறிது நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு முதுகோரம் மங்கலாக மஞ்சள் பூக்கும். அந்த மஞ்சள் மெதுவாகக் கூரை நோக்கி நகரும், அதன் பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா, கடைசியில் முதுகில் நீலம். நான்கு நிறமும் ஒரு விரல் அகலத்துக்குள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். மெல்லிய நுனி முந்திக்கொள்ளும், அதை இரும்பிலிருந்து சற்று வெளியே நீட்டிப் பிடியுங்கள். வெளிர் வைக்கோல் நிறம் கூரைத் தொட்டதும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அது ஏறத்தாழ 220 டிகிரி. முதுகில் நின்ற நீலம் சுமார் 300 டிகிரி. கூரில் கடினம், முதுகில் நெகிழ்வு, இரண்டும் ஒரே அலகில் கிடைக்கும். உலை வெளிச்சத்தில் நிறம் தெரியாது, நிழலான பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

கடைசி வேலை ஆணி. 3 மி.மீ. பித்தளை அல்லது மிருதுவான இரும்புக் கம்பி. இரு கன்னத்துக்கும் வெளியே தகட்டில் வெட்டிய சிறு வாஷர், வட்டமாகவோ சாய்சதுரமாகவோ. வாஷர் இல்லாமல் நேரே கொம்பில் அடித்தால், அடியில் பருக்கும் ஆணி துளையை விரித்துக் கன்னத்தைப் பிளக்கும். கம்பி இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டியிருந்தால் போதும், கூடினால் தலை திரளாமல் வளையும். அலகுக்கும் கன்னத்துக்கும் நடுவே இரு பக்கமும் எண்ணெய் தோய்த்த ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள், இது இக்காலத்து உபாயம். சிறு சுத்தியலின் குண்டு முனையால், ஆணியின் நடுவில் இல்லாமல் விளிம்பைச் சுற்றி, மெல்ல மெல்லத் தட்ட வேண்டும். நான்கு தட்டு, திருப்பிப் போட்டு நான்கு தட்டு, அலகைத் திறந்து பார். தொளதொளவென்று தொங்கினால் இன்னும் தட்டலாம். இறுகிப்போனால் தளர்த்துவது பெரும்பாடு. கத்தியைத் திறந்து பக்கவாட்டில் பிடித்தால் அலகு அப்படியே நிற்க வேண்டும், ஆனால் இரு விரலால் மடக்க முடிய வேண்டும். அங்கே நிறுத்திக் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

கொம்பு ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பிடிப்பு கூடும், கோடையில் தளரும். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்து வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். வருஷத்துக்கு ஒருமுறை ஆணித் தலையில் இரண்டு தட்டு தட்ட வேண்டிவரும். இது பழுது இல்லை, இந்தக் கத்தியின் பராமரிப்பே அதுதான்.

கூர் தீட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆணி அடிக்கும்போது கை அலகில் இருக்கும். அந்தக் காலத்தில் நார்வேயின் ஐட்ஸ்போர்க் பகுதிச் சாணைக்கல் கடல் கடந்து இங்கிலாந்து முழுக்கப் போயிருக்கிறது, யார்க்கிலும் லண்டனிலும் தோண்டத் தோண்டக் கிடைக்கிறது. நமக்கு நல்ல எண்ணெய்க்கல் ஒன்று போதும். மொட்டையாக விட்ட அந்த 8 மி.மீ. பகுதியை மட்டும் கல்லில் தொடாதீர்கள், அது தேய்ந்தால் மூடும்போது கூர் தரையில் இறங்கிவிடும்.

அலங்காரம் உங்கள் விருப்பம். எலும்பிலும் கொம்பிலும் அந்தக் காலத்தவர் அதிகம் போட்டது நடுவில் புள்ளி வைத்த சிறு வட்டம். மூன்று பல் கொண்ட துளைப்பானைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் வந்துவிடும். பெயர் பொறிக்க ஆசை இருந்தால் இன்னொன்று சொல்கிறேன். லண்டன் கத்திகள் பலவற்றில் அலகடித்தவரின் முத்திரை இருக்கிறது. 1416இல் ஐந்தாம் ஹென்றி அரசரிடம் பட்டயம் பெற்ற கத்திக்காரர் சங்கம் அங்கே உண்டு. அலகடிப்பவர், பிடி போடுபவர், உறை தைப்பவர் என்று தனித்தனிக் கைகள் சேர்ந்து ஒரு கத்தி உருவான ஊர் அது, யார் அடித்த அலகு என்று தெரிய முத்திரை வேண்டியிருந்தது. காய்ந்த அலகில் அச்சால் ஒரு குழிவு அடித்து, சில சமயம் அதில் பித்தளையை நிரப்பித் தேய்த்துச் சமன் செய்திருக்கிறார்கள். கரிய அலகில் அரிசி அளவுக்கு ஒரு பொன்னிறக் குறி. நீங்கள் செய்வதானால் தோய்ச்சலுக்கு முன்பே குழிவை அடித்துவிடுங்கள். பித்தளை 900 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும் என்பதால், நிரப்புவதைத் தோய்ச்சலுக்குப் பிறகு, சூடு காட்டாமல், மெல்லிய கம்பியைக் குழிவில் வைத்து அடித்து இறுக்கிச் செய்யுங்கள். அதற்குக் குழிவின் உள்விளிம்பை அச்சடித்த கையோடு உளி நுனியால் சற்றே உட்பக்கமாகச் சாய்த்து வெட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் பித்தளை உள்ளே பிடித்துக்கொள்ளும்.